எலுமிச்சம்பழம் கட்டிய ராக்கெட்

மெர்டேக்கா என்று சுதந்திரக் கொடி ஏறிய சில வாரங்களில் ரஷ்யாக்காரர்கள் ஓர் உருண்டையை வானத்துக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு காஜா பேராங்கில் எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு ராக்கெட் கிளம்பியது. செய்தவள் என் சித்தி. எனக்கு இந்த இரண்டாவது செய்திதான் பெரிதாகப் பட்டது; இன்றைக்கும் அப்படித்தான்.

சித்தி எங்களோடு தங்கி, தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தாள். என் வகுப்புக்கும் அவள்தான் டீச்சர். ராக்கெட் செய்த நாளுக்கு மறுநாள், அவள் பாடம் நடத்துவதைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் எஸ்டேட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

பாடம், விசையும் இயக்கமும். பப்பாளி இலைக் காம்பை வெட்டி, அதன் துளைக்குள் நீளமான நூலைக் கோத்தாள். காம்பின் அடியில் ஊதிய பலூன். வாயை விட்டால் காற்று பின்னால் போகும், பலூன் முன்னால் ஓடும். அதுதான் ராக்கெட். சிவப்புக் காகிதத்தில் அதற்கு மூக்கு ஒட்டியது நான்.

அப்பா பஸ் டிரைவர். வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ்ஸுக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிறவர். ராக்கெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"புது வண்டிம்மா. பழம் கட்டாம எப்படி எடுக்கிறது?"

"கட்டுங்க அத்தான். நல்லா பெரிசாவே கட்டுங்க."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா பழத்தைத் தொங்கவிட்டு, காகித மூக்குக்குக் குங்குமமும் வைத்தார்.

மறுநாள் அவருக்கு லீவு. ஆனாலும் காக்கி உடுப்போடு வந்து வகுப்பு ஜன்னலில் நின்றார். கரும்பலகையிலிருந்து பின்சுவர் வரை நூல் கட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் பின்சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சித்தி பலூனை விட்டாள். உஸ்ஸென்ற சத்தம்தான் பெரிது. முதல் பெஞ்சுக்கு மேலேயே ராக்கெட் நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பாவின் முகம் செத்துப்போயிற்று.

சித்தி மட்டும் பதறவில்லை. "ஏன் நின்னிருச்சு? யாரு சொல்றது?"

நான் எழுந்தேன். "பழம் கனம், டீச்சர்."

"பழத்தை எடுக்கக்கூடாது. அப்ப என்ன செய்யலாம்?"

இன்னொரு பலூன் என்று வகுப்பே கத்தியது. சித்தி மேசை இழுப்பறையிலிருந்து இரண்டாவது பலூனை எடுத்து என்னிடம் ஊதக் கொடுத்தாள். காற்றுப்போன முதல் பலூனையும் ஊதி, இரண்டையும் சேர்த்துக் கட்டி விட்டதும் ராக்கெட் பழத்தோடு பாய்ந்துபோய்ப் பின்சுவரில் மோதியது. பழம் அறுந்து இன்ஸ்பெக்டர் மடியில் விழுந்தது. அவர் சிரித்துவிட்டார். கனம் கூடினால் விசையும் கூட வேண்டும் என்பதைச் சித்தி சொல்லவே இல்லை. அவர் கேட்டபோது நாங்கள்தான் சொன்னோம்.

வேலை நிரந்தரமானது. அப்பா புக்கிட் பாரு வரைக்கும் தன் பழத்தின் மகிமையைச் சொல்லிக்கொண்டே பஸ் ஓட்டினார். நானோ, என் பதில்தான் சித்தியைக் காப்பாற்றியது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். சித்தி இரண்டு பேரையும் மறுக்கவில்லை. இழுப்பறையிலிருந்த அந்த இரண்டாவது பலூனுக்கு காம்போடு சேர்த்துக் கட்ட முன்கூட்டியே அளவாக நூல் கட்டியிருந்தது ஏன் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.