நாற்பத்தோராம் வரி

வேலைக்குச் சேர்ந்து ஐந்தரை மாதம். நிரந்தரமாக்குவார்களா, பெட்டியைக் கட்டு என்பார்களா என்பது இன்னும் பதினைந்து நாளில் தெரிந்துவிடும். அல்சூரில் ஒரு மாடியில் இருந்தது அந்தச் சின்ன கம்பெனி. நான் எழுதிய முதல் புரோகிராம், மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் தினமும் காலை எட்டு மணிக்குத் தானாக ஓடும். வாடிக்கையாளர் பட்டியலை வரிவரியாகப் படித்து ஒவ்வொருவருக்கும் மெசேஜ் அனுப்பும். போன் நம்பர் இல்லாத வரியைத் தாண்டச் சொல்லியிருந்தேன். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் நான் போனபோது திரையில் 'வரி 41', 'வரி 41' என்று அதுவே வந்துகொண்டிருந்தது. நிற்கிற வழியாக இல்லை. எந்த பட்டனைத் தட்டினால் நிற்கும் என்றுகூடத் தெரியாத மேதை நான். கேட்கலாமென்றால், ஹாலில் மாப் போட்டுக்கொண்டிருந்த அக்காவைத் தவிர யாரும் வரவில்லை. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் டீம் லீடர் வந்தார். பாதிப் பேருக்கு மெசேஜ் போகவில்லை என்று அதற்குள் அவருக்கு போன் வந்திருந்தது. "மெஷின் ஏன் ஆஃப்ல இருக்கு?"

"தெரியல சார். காலைல அக்கா மாப் போட்டுட்டு இருந்தாங்க..." என்றேன்.

மாப் போட்டது உண்மைதான். சீ, அதை வைத்துத்தான் பொய்யைச் சொன்னேன்.

அந்த அக்கா, தமிழர்கள் நிறைய இருக்கும் ஆஸ்டின் டவுன் பக்கம். அந்த ஆபீஸில் என்னிடம் முதலில் தமிழில் பேசியவர். "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்காமல் ஒரு நாளும் என்னைத் தாண்டியதில்லை. லீடர் அவரை எல்லோர் முன்னாலும் கன்னடத்தில் திட்டினார். காண்ட்ராக்டரிடம் சொல்லிவிடுவேன் என்றார். "நானு முட்டில்ல சார், நானு முட்டில்ல" என்று அக்கா மாப்பைப் பிடித்தபடி திரும்பத் திரும்பச் சொன்னார். தொடவில்லை என்கிறார் என்பது என் அரைகுறைக் கன்னடத்துக்கே புரிந்தது. நான் தலையைக் குனிந்து கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் தப்பைக் கண்டுபிடித்தேன். பட்டியலில் புதிதாகச் சேர்ந்திருந்த நாற்பத்தோராவது ஆளுக்கு நம்பர் இல்லை. 'அடுத்த வரிக்குப் போ' என்பதை நான் கடைசியில் எழுதியிருந்தேன். தாண்டு என்றதும் புரோகிராம் அந்தக் கட்டளையையும் சேர்த்துத் தாண்டிவிட்டு, மறுபடி நாற்பத்தொன்றுக்கே வந்து நின்றிருக்கிறது. அந்த ஒற்றை வரியை மேலே ஏற்றினேன். ஒரு நிமிஷ வேலை. யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மூலையைத் தவிர மற்ற இடமெல்லாம் துடைத்துவிட்டு அக்கா எனக்காகக் காத்திருந்தார்.

"இங்க வந்து நில்லு கண்ணு, துடைச்சிர்றேன். மறுபடி ஏதாச்சும் ஆச்சுன்னா நான் தொடலன்னு சொல்ல ஒரு ஆளு வேணும்ல? நீ சொன்னா நம்புவாங்க."

போய் நின்றேன். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. இன்னும் பதினாலு நாள்தானே, வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டேன்.

வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது. எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தேன், அக்காவுக்கு இரண்டு. அடுத்த நாள் காலையும் அவர் கூப்பிட்டார். போய் சாட்சிக்கு நின்றேன்.