ஃபோரை விற்று ஃபைவ் வாங்கப் போன கதை

1. ஆடி வரைக்கும்

"காலேஜ் தொறந்து ஆடி முடியற வரைக்கும் பாக்கறேன் விக்கி. அதுக்குள்ள கூட்டம் வரலைன்னா சிதம்பரம் கடைய மூடிட வேண்டியதுதான்."

ஜெயபால் மாமா இதைச் சொன்னபோது நான் டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்து ஒயர் செருகிக்கொண்டிருந்தேன். தலையை வெளியே எடுப்பதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிட்டார். "மாடியில ஹவுஸ் ஓனர் அம்மாகிட்ட, ஆவணியில காலி பண்ணாலும் பண்ணுவோம்னு ஒரு வார்த்த சொல்லி வச்சிருக்கேன்."

மாமா என்றாலும் எனக்கு அவர் சொந்தம் இல்லை, முதலாளி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் முதலில் ஜெராக்ஸ் கடை வைத்தார். அப்புறம் பிரவுசிங் சென்டர். எல்லோர் கையிலும் போன் வந்து அது படுத்ததும் கேம் சென்டர். காலத்துக்குத் தகுந்த மாதிரி போர்டை மாற்றத் தெரிந்த மனிதர். சிதம்பரம் கடை அவருடைய இரண்டாவது கிளை, காலேஜ் பசங்களை நம்பித் திறந்தது. நடத்துவது நான். இ.சி.இ. முடித்துவிட்டு சென்னையில் ஒரு கால் சென்டரில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை, ஓடிவந்துவிட்டேன். இந்தக் கடை மூடினால் மறுபடியும் அந்த ஹெட்போன்தான்.

கேம் சென்டர் வைக்கலாமா, இருக்கிற கன்சோலை, அதாவது டிவியில் செருகி ஆடும் கேம் பெட்டியை, மாற்றலாமா என்று இப்போது நிறையப் பேர் என்னைக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்களிடம் இருந்தவை எல்லாம் போன தலைமுறை கன்சோல்கள். தொழிலில் அதை 'ஃபோர்' என்போம். அடுத்த தலைமுறைக்குப் பெயர் 'ஃபைவ்'. அந்த வருடம் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கேம் லவுஞ்ச் திறந்தார்கள். ஏசி, நீல லைட், உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் பீன் பேக், எல்லாமே ஃபைவ். எங்கள் பசங்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நழுவிக்கொண்டிருந்தார்கள்.

"நாமளும் ஃபைவ் போட்டுடலாம் மாமா. இங்க இருக்கற நாலு ஃபோர், கடலூர்ல இருக்கற ரெண்டு, எல்லாத்தையும் எக்ஸ்சேஞ்சுல தள்ளிட்டா வேலை முடிஞ்சுது."

"பழசு ஓடுதுல்ல?"

"ஓடுது. ஃபேன் சத்தம்தான் மேட்டுல ஏறுற டவுன் பஸ் மாதிரி வருது."

"அதுக்கு உள்ள தூசி தட்டுனா போதாதா?"

"மாமா, இது தூசி பிரச்சினை இல்ல. ஜெனரேஷன் பிரச்சினை."

எனக்கு அன்று ஃபைவின் பிராசசர் வேகம் முதல் கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலருக்குள் இருக்கும் மோட்டார் வரை எல்லாம் மனப்பாடம். அரை மணி நேரம் விடாமல் பேசினேன். மாமா முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சிடி போடற ஓட்டை இருக்கா அதுல?"

நான் விலை குறைவு என்று ஆர்டர் போட வைத்திருந்த மாடலில் இல்லை. பழைய சிடி அத்தனையும் வீணாகியிருக்கும். டிரைவ் உள்ள மாடலுக்கு மாற்றினேன். கன்சோல் மாற்றுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டிரைவ் இருந்தால் ஃபோர் சிடி பெரும்பாலும் ஃபைவிலும் ஓடும்.

2. கலையின் டீம்

எக்ஸ்சேஞ்சுக்கு எடுக்க முதலில் கடலூர் கடைக்குப் போனேன். மீன்பிடித் தடைக்காலம் முடியச் சில நாட்கள் இருந்தன. அந்த இரண்டு மாதமும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பதால் கடற்கரை ஊர்ப் பசங்கள் மத்தியானம் எங்கள் கடைக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் ஆடுவது ஒரு பழைய கிரிக்கெட் கேம். அதில் வீரர்களை நாமே உருவாக்கலாம். கலையரசன் என்கிற கலை, தன் தெருப் பசங்கள் பதினொரு பேரையும் அதில் செய்து வைத்திருந்தான். மூக்கு, தாடி, கலர் கண்ணாடி எல்லாம் அச்சு அசல்.

நான் ஒயரைப் பிடுங்கப் போனதும் எழுந்து நின்றுவிட்டான்.

"இன்னா மச்சான், எங்க டீம எங்க தூக்கினு போற?"

"புதுசு வாங்கப் போறோம்டா. இதைவிட சூப்பரா இருக்கும்."

"அதுல நாங்க இருப்பமா?"

"பென் டிரைவ்ல காப்பி பண்ணி ஏத்திடலாம்."

"போன வருசம் போன் மாத்துனப்ப கடக்காரனும் இதான் சொன்னான். ஒரு போட்டோ வரல. வுட்டுடு மச்சான், நீ சிதம்பரத்துல போயி சூப்பரா இரு."

பக்கத்தில் இருந்தவன் சேர்ந்துகொண்டான். "டேய், நம்ம ஓபனரு வேற துபாய்ல கீறான். அவன் சம்மதம் வாங்காம டீம கைமாத்தக் கூடாதுடா."

கல்யாணம் ஆகி துபாய் போனவன் அந்த டீமில் இன்னும் ஓபனிங் இறங்கிக்கொண்டிருந்தான். அடித்தால் இவர்கள் அவனுக்கு வாட்ஸ்அப்பில் ஸ்கோர் அனுப்புவார்கள், டக் அவுட் ஆனால் கண்டிப்பாக அனுப்புவார்கள். காப்பி செய்ய முடியும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் புதுசு கேட்கவே இல்லை என்பதும் அங்கே நின்றபோது தெரிந்தது. ஒயரைத் திரும்பச் செருகிவிட்டு பஸ் ஏறினேன். சிதம்பரம் கடைக்கு மட்டும் மாற்றலாம் என்று திட்டத்தைச் சுருக்கினேன்.

3. தோத்தவன் எழுந்திரி

காலேஜ் திறந்தது. வாங்குவதற்கு முன்னால் மாமாவுக்குக் கூட்டத்தைக் காட்டிவிட வேண்டும் என்று, பாண்டிச்சேரியில் வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் ஒரு ஃபைவ் எடுத்தேன். கூட வந்தது ஒரு கன்ட்ரோலர். எங்களிடம் ஃபோர் கன்ட்ரோலர் நிறைய இருந்தது. முதல் நாளே நான்கை ஃபைவில் இணைத்து, பழைய ஃபுட்பால் சிடி போட்டுப் பார்த்தேன். எல்லாம் வேலை செய்தன. "சிதம்பரத்தில் ஃபைவ். ரெண்டுக்கு ரெண்டு மேட்ச். சனிக்கிழமை சாயந்திரம்" என்று ஸ்டேட்டஸ் போட்டேன்.

எங்கள் கடையின் வழக்கம் தெரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும். சோபாவில் ஆடுபவர்கள், பின்னால் நீளப் பெஞ்சில் காத்திருப்பவர்கள். மேட்ச் சின்னது. தோத்தவன் எழுந்து பெஞ்சுக்குப் போக வேண்டும், ஜெயித்தவன் உட்கார்ந்திருப்பான், பெஞ்சில் அடுத்தவன் இறங்குவான். இதற்குப் பெயரே 'தோத்தவன் எழுந்திரி'தான்.

சனிக்கிழமை பெஞ்சு நிறைந்து வாசலிலும் நின்றார்கள். மாமாவும் கடலூரிலிருந்து வந்து ஓரமாக உட்கார்ந்தார். புது சீசன் ஃபுட்பால் கேமைப் போட்டேன். நான்கு பேர் கன்ட்ரோலரோடு தயார். திரையில், பழைய கன்ட்ரோலரை இந்த கேமுக்குப் பயன்படுத்த முடியாது என்று வந்தது. ஃபோர் கன்ட்ரோலர் ஃபைவில் ஃபோர் கேமுக்கு மட்டும்தான் ஓடும். புது கேமுக்குப் புது கன்ட்ரோலர் வேண்டும். பழைய சிடி போட்டுச் சோதித்ததில் அது எப்படித் தெரியும்?

"அண்ணா, ரெண்டுக்கு ரெண்டுன்னு சொன்னீங்க. ஒண்ணுக்கு ஒண்ணுமே இல்லையே?" என்றான் அஸ்லம். பரங்கிப்பேட்டைப் பையன், மூன்றாம் வருடம், எங்கள் பெஞ்சின் பெரிய வாய்.

"நாலு பேரும் ஆளுக்கு ஒரு பட்டன் அமுக்கலாம்டா" என்றது பெஞ்சு.

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்தால் கடையும் போச்சு. சட்டென்று புது கேமை எடுத்துவிட்டுப் பழைய சிடியைப் போட்டேன். நான்கு கன்ட்ரோலரும் உயிர்பெற்றன. மேட்ச் முடிந்தது. தோத்தவர்கள் எழுந்தார்கள். அடுத்த ஆள் கையில் பஜ்ஜியோடு பெஞ்சிலிருந்து இறங்கி வருவதற்குள் திரையில் அடுத்த மேட்ச் தொடங்கி, கோலும் விழுந்துவிட்டது.

"டேய்! நான் இன்னும் உக்காரவே இல்லடா!"

"உன்ன யாருடா பஜ்ஜி திங்கச் சொன்னா?"

"ஃபோர்ல ஒரு பஜ்ஜி முழுசாத் தின்னுட்டு, கைய தொடச்சிட்டு உக்காருவேன். அப்பவும் லோடிங்தான் சுத்தினு இருக்கும்."

"லோடிங்லதானடா நாம தோத்தவன ஓட்டுவோம்?" என்றான் அஸ்லம். "இதுல கலாய்க்க டைமே இல்லண்ணா. சப்புன்னு இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஃபைவின் பெருமை என்று நான் மாமாவிடம் அடித்துப் பேசியதில் முதல் பாயின்டே லோடிங், அதாவது அடுத்த மேட்ச் திரையில் வரும்வரை காத்திருக்கும் நேரம், இல்லை என்பதுதான். எங்கள் கடையில் ஆள் மாறுவது, சண்டை போடுவது, தோத்தவன் காரணம் சொல்வது, அதை யாரும் நம்பாமல் போவது எல்லாம் நடந்தது அந்த லோடிங் நேரத்தில்.

"அப்ப ஏன்டா அந்த லவுஞ்சுக்குப் போறீங்க?" என்று அஸ்லமிடம் நேராகவே கேட்டேன்.

"புது கேம் அங்கதானண்ணா இருக்கு. ஆனா ரூமுக்கு ரெண்டு பேருதான் வுடறாங்க. கோல் போட்டா கத்தக்கூட ஆள் இல்ல. ஏசிதான் சத்தம் போடுது."

4. வாங்கியதும் வாங்காததும்

அன்று எல்லோரும் போன பிறகு மாமா கேட்டார். "இன்னா பண்ணப் போற?"

"ஒரே ஒரு ஃபைவ் மாமா. அதுக்குப் புது கன்ட்ரோலர் நாலு இருக்கற மாதிரி பாத்துக்கலாம். ஃபோர்ல டவுன் பஸ் மாதிரி ரொம்பக் கத்தற ஒண்ண மட்டும் கழிச்சிடலாம், மத்தது இருக்கட்டும்."

"ஜெனரேஷன் பிரச்சினைன்னியே?"

"பெஞ்சு பிரச்சினை மாமா. புது கேம் இல்லைன்னா உள்ள வர மாட்டாங்க. பெஞ்சு இல்லைன்னா திரும்ப வர மாட்டாங்க."

அவர் சம்மதம் என்று சொல்லவில்லை. "ஆடி முடியற வரைக்கும்தான் சொன்னேன், ஞாபகம் இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார். மறுநாள் மதியம் "வாங்கிக்க" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது.

ஃபைவை பெஞ்சுக்கு நேர் எதிரே வைத்தேன். தனி ஆளாக உட்கார்ந்து மணிக்கணக்கில் கதை ஆடும் கேம்களை அதில் அனுமதிக்கவில்லை. அவை ஃபோரில் போதும். ஒரு விதியும் போட்டோம். மேட்ச் முடிந்ததும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட வேண்டும். தோத்தவன் பெஞ்சுக்குப் போய், வருகிறவன் கையைத் துடைத்து, "போடு" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பட்டன் அமுக்க வேண்டும். கம்பெனிக்காரன் கஷ்டப்பட்டுக் குறைத்த நேரத்தை நாங்கள் திரும்பக் கூட்டிக்கொண்டோம். சில சமயம் அது ஃபோர் லோடிங்கைவிட நீளமாகப் போகும்.

மாற்றலாமா என்று யோசிக்கிறவர்கள் வீடியோ விமர்சனங்களைப் பாருங்கள், நானும் எல்லாவற்றையும் பார்க்கிறவன்தான். அதோடு உங்கள் கடையில் ஒரு சாயந்திரம் திரைக்கு முதுகைக் காட்டி நின்று, ஆடாதவர்களையும் பாருங்கள். அவர்கள் எப்போது சிரிக்கிறார்கள், எப்போது போனை எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். எதை மாற்றக் கூடாது என்பது அங்கேதான் தெரியும்.

5. மாடிப்படி

ஆடிக் கடைசி வாரம் மாமா வந்தார். உள்ளே நுழைய இடம் இல்லை. வாசலில் கிடந்த செருப்புகளை ஒதுக்கிவிட்டு மாடிப்படி ஏறினார். நானும் பின்னாலேயே போய்ப் பாதிப் படியில் நின்றேன்.

"வாங்க" என்றார் ஹவுஸ் ஓனர் அம்மா. "எப்ப காலி பண்றீங்க?"

கீழே யாரோ கோல் போட்டான். படிக்கட்டுக் கம்பி அதிர்ந்தது. மாமா கூச்சல் அடங்கும்வரை காத்திருந்தார்.

"காலி பண்ணலம்மா. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"ஆவணியில போயிடுவீங்கன்னுதான் இந்த சத்தத்தப் பொறுத்துகிட்டு இருந்தேன். சீரியல்ல ஒரு வசனம் காதுல வுழல."

"கடைக்கு ஒரு நல்ல கதவு போட்டுடறோம்மா. சத்தம் மேல வராத மாதிரி."

"அந்த அஸ்லம் தம்பியையாவது மெதுவா பேசச் சொல்லக் கூடாதா?"

"அது முடியாதும்மா" என்றார் மாமா. "கதவு போட்டுடறோம்."

அடுத்த வாரமே ஆசாரியைக் கூட்டிவந்து கனமான கதவு ஒன்று போட்டோம். ஃபைவுக்கு அடுத்து நான் அந்தக் கடைக்குச் செய்த பெரிய அப்கிரேடு அதுதான்.