சிக்னலில் மட்டும் எரிந்த விளக்கு

என் வீட்டுக்காரருக்கு ஒர்க்‌ஷாப் வட்டாரத்தில் வைத்திருக்கும் பெயர் 'சந்தேகம்'. கார் எலக்ட்ரீஷியன், முப்பது வருஷமாக அதே தொழில். பக்கத்து டயர் கடைக்காரர் அவர் இருக்கும்போதே அப்படித்தான் கூப்பிடுவார், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் கடைக்காரரைக் கோபித்து என்ன பிரயோஜனம்? கதவைத் தட்டி நான் "நான்தான்" என்று சொன்னாலும், "நான்தான்னா யாரு?" என்று உள்ளேயிருந்து கேட்கிற மனிதர் இவர். இருபத்தாறு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளின் குரல் தெரியாதா? தெரியும். இருந்தாலும் கேட்பார்.

கேஸை மூடிவிட்டேன் என்று சொன்னால் எழுந்துபோய்ப் பார்ப்பார். பூட்டு வாங்கப் போனால், கடையிலிருக்கும் மற்ற பூட்டுகளின் சாவியை வாங்கி இதில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். நான் தையல்காரி, முன்னறையில்தான் மெஷின். துணி கொடுக்க வருகிறவர்களிடம் "இது சாயம் போகாதுன்னு யாரு சொன்னது?" என்று ஆரம்பித்துவிடுவார். வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

தொழிலில் மட்டும் அந்தக் குணம் சோறு போட்டது. மற்றவர்கள் கைவிட்ட வண்டிகள் இவரிடம்தான் வரும். ஒயரை ஒட்டினால் டேப் சுற்றுவதற்கு முன்னால் நூலால் இறுக்கிக் கட்டுவார். டேப்பை நம்பமாட்டார். "வெயில்ல பசை உருகிடும், நூல் உருகாது" என்பார். போவது என் நூல்கண்டுதான். அந்த வட்டாரத்தில் வேறு யாரும் இப்படிக் கட்டுவதில்லை. மற்றவர்களுக்கு அவ்வளவு நேரமும் இல்லை, வீட்டில் தையல்காரியும் இல்லை.

எங்களுக்கு ஒரே பெண், நர்ஸ். திங்கட்கிழமை முதல் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியில் வேலை. மூன்று பஸ் மாற வேண்டும் என்று கேள்விப்பட்டதும் என் தம்பி தன் பழைய காரை அவளுக்கே கொடுத்துவிட்டான். பதினாலு வருஷத்து வண்டி. நாலு வருஷத்துக்கு முன் கைமாறி வந்ததை, சாம்பல் நிறத்தில் பெயின்ட் அடித்துப் புதுசு மாதிரி வைத்திருந்தான். சனிக்கிழமை காலை கொண்டுவந்து நிறுத்தி, மறைக்காமல் ஒன்றைச் சொன்னான்.

"மாமா, ஒரே ஒரு விஷயம். இந்த ஏர்பேக் விளக்கு இருக்கே, சிக்னல்ல நிக்கிறப்ப மட்டும் மினுக்கு மினுக்குன்னு எரியுது. வண்டி நகந்தா அணைஞ்சிடுது. ஏதோ ஒயர் லூசுன்னு நெனைக்கிறேன்."

"நீ நெனைக்கிறது இருக்கட்டும். எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா எரியுது, இப்பத்தான் என் பொண்ணு தலையில கட்டணும்னு தோணுச்சா?"

என் தம்பி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். நான் அப்போதே இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"கொடுக்கிறவனைப் போய் இப்படியா பேசுவாங்க? உங்களுக்கு நாக்குல நரம்பே கிடையாதா?"

"இனாமா வர்ற வண்டிக்கு ஏதோ காரணம் இருக்கும்" என்றார். அவ்வளவுதான்.

முதலில் கோளாறு காட்டும் ஸ்கேனரைச் செருகினார். இவ்வளவு பழைய வண்டியில் அது எஞ்சினோடு மட்டும் பேசியது, ஏர்பேக் பெட்டியோடு பேசவே இல்லை. சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டரை டார்ச் அடித்துப் பார்த்தார். பெரும்பாலும் அதுதான் லூசாகுமாம். இது கச்சிதமாக இருந்தது. பிறகு வண்டியைச் சூடு ஏறும்வரை ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை அணைக்காமல் வாசலில் நிறுத்தினார். சிவப்பு விளக்கு மினுங்கியது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தார், அணைந்தது. விட்டார், மறுபடி மினுங்கியது. எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியை மட்டும் திருப்பி, விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். இருபது எண்ணினார். முப்பதும் எண்ணினார், விளக்கு அணையவில்லை.

"என்ன ஜபமா பண்றீங்க?" என்றேன்.

"சாவி போட்டா ஏர்பேக் விளக்கு ஆறேழு செகண்டு எரிஞ்சு தானா அணையணும். இது எஞ்சின் ஸ்டார்ட் ஆனாத்தான் அணையுது. ஆக்சிலேட்டர் கொடுத்தா அணையுற ஏர்பேக் விளக்கை எங்கயாவது பாத்திருக்கியா? அது ஆயில் விளக்கோட குணம், ஆயில் கொறைஞ்சா எஞ்சின் மெதுவா ஓடுறப்ப எரியும். இங்க பாரு, ஆயில் விளக்கு எரியவே இல்ல. பல்பு போயிருக்கு. அது எரிய வேண்டிய நேரமெல்லாம் இது எரியுது."

"அப்படின்னா?"

"யாரோ ரெண்டையும் உள்ள சேத்துக் கட்டியிருக்காங்க. எங்கயோ மோதி ஏர்பேக் வெடிச்ச வண்டி. புதுப் பை போடாம, விளக்கை மட்டும் ஏமாத்தியிருக்காங்க. சாவி போட்டா எரியுது, ஸ்டார்ட் பண்ணா அணையுது, வாங்க வர்றவன் எல்லாம் சரியா இருக்குன்னு நம்பிடுவான். உன் தம்பிக்குத் தெரியாமலா இருக்கும்?"

மோதினால் ஸ்டீயரிங்குக்கும் நெஞ்சுக்கும் நடுவில் விரிய வேண்டிய பை அது. அது இல்லாத இடத்தில் என் மகள் தினமும் எண்பது கிலோமீட்டர் உட்கார்ந்து போக வேண்டும். ஆனால் அதையும் தாண்டி இன்னொன்று உறுத்தியது. இவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டதோ என்னவோ.

"இப்படி ஒரு வேலை இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தொழில்ல இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லி ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். அது அவர் கையில்தான் இருந்தது.

என் தம்பிக்கு அங்கேயே நின்று போன் போட்டேன். "சத்தியமாத் தெரியாதுக்கா. ரெண்டு பேர் கை மாறி வந்த வண்டி. அவ எனக்கு மட்டும் யாரோவா?" என்றான். இவர் அதைக் கேட்டுவிட்டு, "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு போட எனக்கு மனசே வரவில்லை. போட்டேன், பாத்திரத்தை வைத்த சத்தம் டயர் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

சாப்பிட்டதும் பேட்டரியின் ஒயரைக் கழற்றிப் பத்து நிமிஷம் காத்திருந்தார். ஏர்பேக் வண்டியில் கை வைக்குமுன் அப்படிக் காத்திருக்க வேண்டுமாம். பிறகு ஸ்டீயரிங்குக்குப் பின்னாலிருந்த மீட்டர் பெட்டியின் திருகுகளை எடுத்து முன்னால் இழுத்தார். "டார்ச்சைப் பிடி" என்றார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிடித்தேன்.

அவர் சொன்னது அப்படியே இருந்தது. ஏர்பேக் விளக்கிலிருந்து ஆயில் விளக்குக்கு ஒரு சின்னக் கறுப்பு ஒயர். ஒரு முனையில் டேப் பசை உருகி நழுவியிருந்தது. அதற்கடியில் நூல், நெருக்கமாகச் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்ட ஊதா நூல்.

அந்த ஊதாவை நான் வாங்கியது ஒரே ஒரு தடவைதான். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருநூறு சீருடை தைத்தேன், விளிம்புக்கு அந்த நிறம் கேட்டார்கள். அதற்குப் பிறகு அதை யாரும் கேட்கவே இல்லை. மிச்சம் ஒரு கண்டு இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது.

டார்ச்சை அந்த முடிச்சின் மேலேயே வைத்தேன். அவரும் பார்த்துவிட்டார். தொட்டுப் பார்க்கவில்லை, நிமிர்ந்து என்னையும் பார்க்கவில்லை.

"சொல்லுங்க" என்றேன்.

"அப்ப வெள்ளைக் கலர்ல இருந்துச்சு. அதான் தெரியல."

"நான் கலரையா கேட்டேன்?"

"ஒரு புரோக்கர் கொண்டுவந்தான். விளக்கு மட்டும் அணையணும்னான். ஏன்னு நான் கேக்கல. யாரு வாங்கப் போறாங்கன்னும் கேக்கல."

ஊரில் போகிற வருகிறவனையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்ட மனிதர், கேட்க வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. "இந்தக் கையை வச்சுக்கிட்டுத்தான் என் தம்பியைக் குத்தம் சொன்னீங்க" என்றேன். அவர் ஸ்டீயரிங்கின் நடுமூடியை நெம்பினார். பசை போட்டு ஒட்டியிருந்தது. உள்ளே பை இருக்க வேண்டிய இடத்தில் மெத்தைப் பஞ்சு.

அந்த நேரம் பார்த்து மகள் வந்துவிட்டாள். கார்க் கதவில் சாய்ந்து எட்டிப் பார்த்து, "அப்பா, முடிஞ்சுதா? திங்கக்கிழமை எடுத்துட்டுப் போலாமா?" என்றாள்.

"கூடாது. இதுல ஏர்பேக் இல்ல."

"ஐயோ! விளக்கு ஒழுங்கா எரிஞ்சு அணைஞ்சுதே? யாருப்பா இப்படிப் பண்ணது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் டார்ச்சை அணைத்தேன். புரோக்கரைச் சொல்லியிருக்கலாம், யாரோ என்று முடித்திருக்கலாம். நான் காட்டிக்கொடுத்திருப்பேனா என்று எனக்கே தெரியாது.

"நான்தான்" என்றார்.

அவள் சிரித்தாள். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. "இது ஒண்ணுதானாப்பா?" என்று கேட்டாள்.

"மூணு" என்றார்.

திங்கட்கிழமை அவள் மூன்று பஸ் மாறித்தான் போனாள். இவர் என் தம்பி வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டார். அவன் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்திருக்கிறான். புதுப் பை வந்து சேரப் பதினெட்டு நாள் ஆயிற்று. அதைப் பொருத்தி, ஒயரைப் பழையபடி தனியாக ஓடவிட்டு, ஆயில் விளக்குக்குப் புதுப் பல்பு போட்டார். குறைந்திருந்த ஆயிலையும் ஊற்றினார். பிறகு மகளையே டிரைவர் சீட்டில் உட்கார வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். மூன்று பேரும் எண்ணினோம். ஏழில் தானாக அணைந்தது. அவள் மறுபடியும் சாவியைத் திருப்பி எண்ணினாள். அப்பா வார்த்தையை அவள் அப்படியே எடுத்துக்கொள்ளாதது அதுதான் முதல் தடவை.

இப்போதெல்லாம் இவரோடு ஸ்கூட்டரில் நிம்மதியாகப் போக முடிவதில்லை. சிக்னலில் பக்கத்தில் ஏதாவது பழைய கார் நின்றால் போதும், அவர் அன்று ஒயர் கட்டிய மாடலாக இருந்தால் கண்ணாடியைத் தட்டிவிடுவார். "சார், சாவி போட்டா ஏர்பேக் விளக்கு தானா அணையுதா, இல்ல ஸ்டார்ட் பண்ணாத்தான் அணையுதா?" என்று கேட்பார். உள்ளே இருப்பவர்கள் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை இன்னும் இறுக்கி ஏற்றிக்கொள்வார்கள். முன்பென்றால் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். இப்போது அந்தப் பக்கம் நிற்கும் காரை நான் தட்டுகிறேன். இன்னும் இரண்டு வண்டி கிடைக்கவில்லை.