நான் படிக்காமல் விட்ட வரி

கண்ணமங்கலத்துல பஸ் நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல, ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் குடுக்கிற கடை வெச்சிருக்கேன். ரெண்டு தடவ வைரஸ் வந்து எல்லாத்தையும் தின்னுட்டுப் போனதும், விண்டோஸைத் தலைமுழுகிட்டு லினக்ஸ் போட்டேன். அதுல பெருமை வேற. "இது விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும்"னு எவனாவது சொன்னா எனக்கு ரோஷம் வந்துடும். 'வைன்'னு ஒரு மென்பொருள் இருக்கு, விண்டோஸ் புரோகிராமை லினக்ஸ்லயே ஓடவெக்கும். ஓடவெச்சுட்டு மீசைய முறுக்கிக்குவேன்.

வைன் ஓடுறப்ப பின்னாடி ஒரு கறுப்பு ஜன்னல்ல வரி வரியா புலம்பிக்கினே இருக்கும். இது சரியில்ல, அது கிடைக்கலன்னு நூறு வரி. புரோகிராம் அதுபாட்டுக்கு நல்லாவே ஓடும். அதனால எங்கள மாதிரி ஆளுங்க யாரும் அதைப் படிக்கிறதில்ல.

போன வருஷம் ஜவ்வாது மலைலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. ஒரு ஆஸ்பத்திரில உதவியாளர் வேலைக்கு ஆள் எடுத்தாங்க. வயசு முப்பத்தஞ்சு தாண்டக் கூடாது, அந்தம்மாவுக்கு அதுதான் கடைசி வருஷம். அந்த ஆஸ்பத்திரி குடுத்த விண்டோஸ் புரோகிராம்லதான் விண்ணப்பத்தை அனுப்பணும். எதிர்க் கடையில விண்டோஸ் இருந்துச்சு. அந்தம்மாவ அங்க அனுப்பியிருக்கலாம். அனுப்பினேனா? "இன்னாத்துக்கு அங்க போறீங்க, நான் போடறேன், உக்காருங்க"ன்னேன்.

எல்லாம் நிரப்பிட்டு, "அனுப்புற பட்டனை உங்க கையாலயே அமுக்குங்க"ன்னேன். அமுக்கினாங்க. ரசீது வந்துச்சு. வாங்கிக் கண்ணுல ஒத்திக்கினாங்க.

நேர்காணலுக்குக் கூப்பிட்டவங்க பட்டியல் வந்தப்ப அவங்க பேர் இல்ல. எனக்குச் சந்தேகம் தட்டுச்சு. அன்னிக்கு ஓடின வரிகளைத் தேடி எடுத்துப் பார்த்தா, நடுவுல ஒண்ணு: நெட்வொர்க் இணைப்பு கிடைக்கவில்லை. ரசீது ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததில்ல, என் கம்ப்யூட்டரே அடிச்சுக் குடுத்தது. விண்ணப்பம் என் கடைய விட்டு வெளியவே போகல.

மறுநாள் அந்தம்மா வந்து, "இன்னாண்ணா ஆச்சு?"ன்னாங்க.

"போட்டி ஜாஸ்திம்மா. கழிச்சுட்டாங்க போல."

நாக்கு கூசாம சொன்னேன். அந்தம்மா நம்பிட்டாங்க. "எட்டாங்கிளாஸ் படிச்சவளுக்கு யாருண்ணா குடுப்பாங்க? உங்களுக்குத்தான் வீண் சிரமம்"னு சொல்லிட்டு, பையிலேர்ந்து ரெண்டு படி சாமை எடுத்து மேசைல வெச்சுட்டுப் போனாங்க. வாங்கினேன். பொங்கியும் தின்னேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

இந்த மாசம் தங்கச்சியக் கூட்டிக்கினு வந்தாங்க. அதே ஆஸ்பத்திரி, அதே புரோகிராம்.

"எதிர்க் கடையில போட்டுக்குங்கம்மா"ன்னேன்.

"ஐயே, வேணாங்கண்ணா. நீங்கதான் பொறுமையா போடுவீங்க. நாளைக்குத்தான் கடைசி தேதி"ன்னு பெஞ்சுல உக்காந்துட்டாங்க.

அதுக்கு மேல என்னால முடியல. அந்த வரி, நான் சொன்ன பொய், எல்லாத்தையும் கொட்டிட்டேன். செருப்பால அடிச்சாக்கூட வாங்கிக்கலாம்னு தலை குனிஞ்சு நின்னேன். தங்கச்சிக்காரி என்னை முறைச்சுக்கினு இருந்தா.

அந்தம்மா மெதுவாக் கேட்டாங்க. "ஒரு வருஷமா, நான் எதுக்கும் லாயக்கில்லன்னு நெனச்சுக்கினு இருந்தேண்ணா. அப்போ அவங்க என்னை வேணாம்னு சொல்லவே இல்லியா?"