மேல்வீட்டு அடுப்பு

ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். நகரங்கள் எப்படி வளர்கின்றன என்று ஆராய்கிற எங்கள் துறையில், வீடு கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் இது. நான் இதை ஒன்பது வயதிலேயே தாராவியில் படித்துவிட்டேன்.

அப்போது எங்கள் வீடு ஒன்றுதான். கீழே ஓர் அறை, பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும். அதன் தலைமேல் தகரம் போட்ட இன்னோர் அறை, அப்பாவின் கல்யாணத்துக்காக ஏற்றியது. அதில் நாங்கள் மூன்று பேர். ஏறி இறங்கச் சந்துப் பக்கம் ஓர் இரும்பு ஏணி. அடுப்பு கீழே மட்டும். பெரியம்மா சமைப்பாள், அம்மா நறுக்கிக் கொடுப்பாள். பெரியம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. கல்லில் வேகும் முதல் தோசை எப்போதும் எனக்குத்தான்.

எங்கள் சந்து வீடுகளை இடித்துக் கட்டிடம் எழுப்பப் போகிறார்கள், வீடு எண்ண வருகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. எண் கிடைத்த வீட்டுக்குத்தான் புதுக் கட்டிடத்தில் இடம். பெரியப்பா குர்லாவில் ஒரு பட்டறைக்குப் போய்வருபவர், உலக விவரம் தெரிந்தவர். அப்படி அவரே சொல்லிக்கொள்வார். "ரெண்டு அடுப்பு எரிஞ்சாத்தான் ரெண்டு வீடுன்னு எழுதுவாவ" என்று ஒரு சின்ன கேஸ் அடுப்பை வாங்கி வந்து மேலே ஏற்றினார். என்றைக்கு வருவார்கள் என்று தெரியாததால் தினமும் அதில் சமைத்தாக வேண்டும். "எங்க சாப்பிடுதேன்னு கேட்டா மேலன்னு சொல்லணும், என்னட்டி?" என்று எனக்கும் வசனம் கொடுத்தார்.

அம்மா டப்பாக்களை வாங்கி வரிசையாக அடுக்கினாள். ரசத்தில் பூண்டைத் தட்டாமல் முழுசாகப் போட்டாள். கீழே அப்படியெல்லாம் நடக்காது. சமைக்கும்போது அவள் பாடுவாள் என்பதே அந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கும் இந்த நாடகம் ரொம்பப் பிடித்துப் போயிற்று. மேலே உப்புமா தின்றுவிட்டுக் கீழே இறங்கித் தோசையும் தின்னலாம்.

ஒரு காலையில் வந்துவிட்டார்கள். காகிதக் கட்டோடு ஓர் இளம்பெண், கதவில் எண் எழுதப் பெயிண்ட் டப்பாவோடு ஓர் ஆள். அந்தப் பெண் ஏணியேறி வந்து அடுப்பைப் பார்த்தாள், எழுதினாள். பிறகு என்னிடம் குனிந்து, "நாஷ்தா மே க்யா காயா?" என்றாள். எங்கே சாப்பிட்டாய் என்று கேட்டிருந்தால் பிரமாதமாகச் சொல்லியிருப்பேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார்கள் என யாரும் சொல்லித் தரவில்லையே!

"டோசா" என்றேன்.

அடுப்பில் உப்புமாச் சட்டி. அந்தப் பெண் சுற்றிலும் பார்த்துவிட்டு, தோசைக்கல் எங்கே என்று இந்தியில் கேட்டாள். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. பெயிண்ட் ஆள் பிரஷ்ஷைத் திரும்ப டப்பாவுக்குள் போட்டான். என்னால் வீடு போயிற்று என்று தெரிந்ததும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மேலே பேசுவதெல்லாம் கீழே கேட்கும். ஏணி கிடுகிடுத்தது. மூச்சு வாங்கப் பெரியம்மா ஏறி வந்தாள். கையில் பழந்துணி சுற்றிய தோசைக்கல், இன்னும் சூடு ஆறாமல். அவள் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது அது. வேறு யாரையும் அதைக் கழுவக்கூட விடமாட்டாள்.

"இந்தா, உன் கல்லு. இரவல் வாங்குனா நேரத்துக்குத் திருப்பிக் குடுக்கத் துப்பில்ல எனக்கு" என்று அம்மாவிடம் கொடுத்தாள். "இஸ்கா தவா", இவளுடைய கல், என்று அந்தப் பெண்ணுக்கும் இந்தியில் அறிவித்துவிட்டு இறங்கிப் போனாள்.

ஐந்தே நிமிடத்தில் எங்கள் கதவில் சிவப்பு எண் ஏறியது. சாயங்காலம் அப்பா ஜிலேபி வாங்கி வந்தார். எல்லோரும் தின்றோம். அடுப்பைக் கீழே இறக்குவது பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் காலை தட்டோடு கீழே போனேன். பெரியம்மா ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். மேலே அம்மா அந்தக் கல்லில் மாவு ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"ஏட்டி, உங்க வீட்டுல இன்னும் சாப்பிடலையா?" என்றாள் பெரியம்மா.

உங்க வீடு என்று அவள் சொல்லி நான் கேட்டதேயில்லை. நாடகம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். சந்து முனைவரை ஓடிப்போய்ப் பார்த்தேன். கணக்கெடுக்கிறவர்கள் யாரையும் காணோம். திரும்பி வந்து அவள் காதோடு, "அவிய எல்லாம் போயிட்டாவ பெரியம்மா" என்று சொல்லித் தட்டை நீட்டினேன்.