பிரிக்க இடமில்லாத பெட்டிகள்

என் அக்கா வீட்டுக்காரர் மடக்குப் பெட்டி வடிவமைப்பவர். இடுப்பளவு உயரமுள்ள பெட்டி அது. பிரித்தால் இருநூறு கிலோ உருளைக்கிழங்கு பிடிக்கும். மடக்கினால் ஒரு பெட்டியின் இடத்தில் நாலு பெட்டி அடங்கும். அதைச் செய்து முடித்த நாளிலிருந்து மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. வீட்டுக் கட்டிலையும் மடக்கிச் சுவரில் சாத்திவிட்டார். கூடத்தில் பாதி அவருடைய மாதிரிப் பெட்டிகள், மீதியில் அக்கா.

அவர் வேலை பார்க்கும் உருளைக்கிழங்குக் கம்பெனியின் முதலாளி அவருக்கும் மேல். இடம்தான் மிச்சமாகிறதே என்று பெட்டிகளை வாங்கிக் குவித்து, கிடங்கைக் கூரை வரை நிரப்பிவிட்டார்.

போன வாரம் உருளைக்கிழங்கு லாரி வந்தது. கிடங்குக்குள் ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்க இடமில்லை.

"பெட்டி மேல தப்பில்ல சார். கட்டடம்தான் மடங்காம நிக்குது" என்றார் மாமா. முதலாளியும் கட்டடத்தை முறைத்தார்.

கடைசியில் லாரி அக்கா வீட்டுக்கு வந்தது. கூடத்திலேயே பெட்டிகளைப் பிரித்து, நிரப்பி, உத்தரம் வரை அடுக்கினார்கள்.

"நான் எங்க படுக்கிறது?" என்றாள் அக்கா.

மாமா டேப்பை எடுத்து அவளை உச்சி முதல் பாதம் வரை அளந்தார். "எல்லாத்தையும் மடக்கிட்டேன். மனுஷங்கதான் மடங்க மாட்டேங்கறாங்க."

"பத்தொன்பது வருஷமா முட்டிய மடக்கித்தான் படுக்கறேன். குடுங்க அத."

டேப்பைப் பிடுங்கி மாமாவை அளந்தாள். மிச்சமிருந்த காலிப் பெட்டியைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"இறங்குங்க."

மாமா இறங்கினார். மூடி கச்சிதமாகப் பொருந்தியதைப் பற்றி இன்றுவரை பெருமையடிக்கிறார்.