துரையிடம் கேட்ட பாதை

புக்கிட் பெலண்டோக்கில் எங்கள் வீட்டிலிருந்து பெரிய சாலைக்கு வர ஒரே வழி, செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் மண் பாதைதான். தோட்டத்தைப் புதிதாக வாங்கியவர் அதில் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். என் கணவருக்கு டயாலிசிஸ். ஒரு தடவை தவறினாலும் மூச்சு முட்டும். வழக்குப் போட்டோம். தீர்ப்பு வரும்வரை கேட் திறந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

“ரொம்ப நாளா நடந்தோம்னு சொன்னா மட்டும் மலேசியச் சட்டத்துல பாதை நமக்கு உரிமையாகாதுக்கா,” என்றார் எங்கள் வக்கீல். வீட்டுமனையை மாமனாருக்கு விற்றபோது, பாதையும் உனக்குத்தான் என்று தோட்டத்தின் பழைய முதலாளியான துரை வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கு ஒன்றுதான் எங்களுக்குப் பிடிமானம்.

சிரம்பான் நீதிமன்றத்தில் மாமனார் அதை அழகாகவே சொன்னார். எனக்கு உயிர் வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் சாவகாசமாக எழுந்து, பாதையில் போக யாரிடமாவது அனுமதி கேட்பீர்களா என்றார். வேண்டாம் மாமா, இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன்.

மாமனார் நிமிர்ந்து நின்றார். “கேக்காமயா? வருசா வருசம் தீபாவளிக்குப் பலகாரத் தட்டோட தொரை பங்களாவுக்குப் போவேன்லா. இந்த வருசமும் இந்த ரோட்டுல போய்க்கிறோங்க தொரைன்னு கேட்டுட்டுத்தான் வருவேன். ஒரு வருசம் தவறினதில்ல.”

அவர் மரியாதை என்று செய்ததைச் சட்டம் அனுமதி என்று எடுத்துக்கொள்ளும். தன் பாதைக்கு யாராவது ஆண்டுதோறும் அனுமதி கேட்பார்களா? கொடுத்த அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தட்டுக்கு முறுக்குச் சுட்டவளே நான்தான்.

இடைவேளையில் எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வந்தது. வழக்கை விட்டுவிட்டால், ஆண்டுக்கொரு முறை எழுதிக் கேட்டுப் பாதையைப் பயன்படுத்தலாம்.

“கையெழுத்துப் போட்டா, பாதை எங்களோடதுன்னு இனிமே பேசவே முடியாதுக்கா,” என்றார் வக்கீல். “போடலைன்னா, தோத்த அன்னிக்கே கேட்டை மூடிருவாங்க.”

மாமனார் என் முகத்தையே பார்த்தார். “நான் தப்பா சொல்லிட்டேனாம்மா?”

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை டயாலிசிஸுக்குக் கிளம்பினோம். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டார். பின் சீட்டில் சாய்ந்திருந்த கணவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“கேஸு ஜெயிச்சிருச்சா?”

“ஜெயிச்சிருச்சுங்க,” என்றேன்.